உலர்த்தும் மெசினுக்கு வைத்த பொட்டு

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது, கேட்டதிலும் பாதி மறந்துபோகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சரஸ்வதி பூசைக்கு அடுத்த நாள் காலை கல்கிசையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வந்தேன். நல்ல மழை. முன் சீற்றில் இருந்த அம்மா போனைச் சத்தமாகப் போட்டு, வீட்டிலிருந்த கணவரோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ, நேற்று மெசினுக்கு எந்த இடத்தில பொட்டு வைச்சனீங்கள்?”

உடுப்பு உலர்த்தும் மெசின் ஓடவில்லையாம். மகளின் இரண்டு வெள்ளைச் சட்டைகளும் ஈரமாக உள்ளே கிடக்கின்றனவாம். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனையாம்.

“பிளக்கைப் பார்த்தனான், கரண்ட் இருக்கு. திருத்திறவன் நாளைக்குத்தான் வருவானாம்,” என்றார் கணவர்.

“நான் கேட்டது பொட்டை.”

“கதவு பூட்டுற இடத்தில ஒரு ஓட்டை இருந்தது. சந்தனம் அதுக்குள்ள வடிவா நிண்டுது.”

“ஐயோ, கதவு சரியாப் பூட்டுப்பட்டாத்தானே அது ஓடும்! ஈர்க்கால கிண்டி எடுங்கோ.”

“பூசையில வைச்சதை அழிக்கிறதோ? பிள்ளைக்குச் சோதனை வேற.”

“அப்ப சந்தனத்தைச் சோதனைக்கு அனுப்புங்கோ. பிள்ளை வீட்டில நிற்கட்டும்.”

கணவர் ஈர்க்கு எடுக்கப் போனார் போல. பிறகு போனுக்குள் மெசின் இரைகிற சத்தம் கேட்டது.

“ஓடுது, ஓடுது! ஆனா இப்ப மொட்டையா நிக்குது. வேற இடத்தில ஒண்டு வைக்கட்டோ?”

“உங்கட நெத்தியில வையுங்கோ. அங்க ஒண்டும் ஓடுறேல்லத்தானே.”

அது சந்தனமா, குங்குமமா என்று எனக்கு இப்போது ஐமிச்சமாக இருக்கிறது. அந்த பஸ்ஸில் வந்த யாராவது இதை வாசித்தால், பிழையைத் திருத்திவிடுங்கள்.