தம் யோசனையைத் தாமே எதிர்த்த குடைத் தொழிற்சாலை மேலாளருக்கு

மழைக்கு முன்னே மனம் பதறும் குடைத் தொழிற்சாலையில் மனிதர் வாய் திறக்க வழி செய்த மாண்பாளரே! கம்பி வளைக்கும் கைகளுக்கும் கணக்குப் பார்க்கும் கண்களுக்கும் ஒரே மேசையில் இடம் தந்த ஒப்பிலாரே! எங்கள் அன்பு மேலாளரே, வணக்கம்!

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் வந்தபோது, முதலாளி கேட்பார், நாங்கள் தலையாட்டுவோம், கூட்ட அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் வாய் திறப்போம். "உள்ள ஊமை, வெளிய உறுமலா?" என்று சிரித்தீர்கள். சிரித்த கையோடு சட்டமும் போட்டீர்கள்: யோசனை சொன்னவரே அதை எதிர்த்துப் பேச வேண்டும், எதிர்ப்பவர் ஆதரித்துப் பேச வேண்டும்.

விற்பனைக்காரரும் தையல் பிரிவு அக்காவும் முதன்முதலாக மாறிப் பேசிய கூத்தை மறக்க முடியுமா?

"எனக்காக என்னைவிட நல்லாப் பேசறீங்களேக்கா!"

"பின்னே? உனக்கே பேசத் தெரிஞ்சிருந்தா நான் ஏன்ப்பா எதிர்க்கப் போறேன்?"

சட்டம் போடுவது எளிது. அது தம்மீதே பாயும்போது தாங்குவது அரிது. பொத்தானை அழுத்தினால் விரியும் புதுக்குடையை மழைக்கு முன்பே அனுப்பிவிடலாம் என்றவர் நீங்கள்தான். பெரிய கடைக்காரர் காத்திருந்தார். அந்த ஆர்டர் கைநழுவினால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. அறையில் ஒருவரும் மறுக்கவில்லை. "அப்ப நானே எதிர்த்துப் பேசறேன்" என்று எழுந்தீர்கள். குடையைக் குழாயடியில் நனைத்து விரித்தீர்கள், விரிந்தது. மடக்கி மறுபடி விரித்தீர்கள். ஸ்பிரிங் சிக்கிப் பாதியில் நின்றது.

"இடுப்புல குழந்தையோட நடுத்தெருவுல நிக்கிறவங்களுக்கு இப்படி ஆச்சுன்னா?"

முதலாளி பதறினார். "என்னய்யா, உங்க யோசனையை நீங்களே கொன்னுட்டீங்களே!"

"மழையில மானம் போறதுக்கு இது இங்கயே போகட்டும், முதலாளி."

"ஆர்டர் போயிடுமே!"

"போகட்டும். ஆளுங்க போகக் கூடாது. யாரையாவது அனுப்பியே ஆகணும்னா, முதல்ல என்னை அனுப்புங்க."

ஆர்டர் போனது. அந்த மழைக்காலம் முழுவதும் பாதி இயந்திரங்கள் உறங்க, ஸ்பிரிங்கைத் திருத்துவதிலும் பழைய குடைகளைப் பழுது பார்ப்பதிலும் பொழுதைக் கழித்தோம். ஒருவரும் வேலை இழக்கவில்லை. அடுத்த மழைக்கு அதே கடைக்காரர், வேறிடத்தில் வாங்கிய குடைகளுக்காக வாடிக்கையாளரிடம் வாங்கிய வசவுகளோடு நம் வாசலில் நின்றார்!

இன்று இரண்டு கூடங்களாக வளர்ந்து நிற்கிறோம். இயந்திரமே காரணம் என்பாரும் உண்டு. ஒருவர் "இது தப்பு" என்று சொல்ல, அதை மற்றவர் காது கொடுத்துக் கேட்கும் பழக்கமே காரணம் என்பது எங்கள் கட்சி. அந்தப் பழக்கத்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போன நாள்களும் அநேகம்தான். அதையும் உங்களிடமே முறையிட்டோம். "சாப்பிட்டுக்கிட்டே சண்டை போடுங்க" என்றீர்கள்!

நீங்கள் ஓய்வு பெற்றுப் போனபின் நாங்கள் மறுபடி தலையாட்டிகள் ஆகிவிடுவோமோ என்ற கவலை சில மாதங்களாக உங்கள் முகத்தில் தெரிந்தது. போன வாரம், "விழாவும் வேணாம், மடலும் வேணாம். இது என் முடிவு" என்றீர்கள். தையல் கூடம் மொத்தமும் எழுந்து நின்று, "முடியாது சார்!" என்றது. அப்போது உங்கள் முகத்திலிருந்து அந்தக் கவலை இறங்கியதை நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம்.

எங்களிடம் தோற்று இம்மேடையில் அமர்ந்திருக்கும் ஏந்தலே! உடல்நலம் குன்றாமல், உள்ளம் வாடாமல், துணைவியாரோடும் மக்களோடும் நெடுங்காலம் வாழுங்கள்! இதில் மட்டும் மறுபேச்சு வேண்டாம்.

உங்களை எதிர்த்துப் பேசும் உரிமை பெற்ற,
கம்பிப் பிரிவு, வெட்டும் பிரிவு, தையல் பிரிவு மற்றும் அலுவலகத்தார்