முளைக்காத பயறு

— பன்னெண்டு டம்ளரையும் எதுக்கு டீச்சர் என் மேஜை மேல கொண்டாந்து அடுக்குறீங்க?

— குப்பையில கொட்டச் சொன்னீங்களாமே ஹெட்மாஸ்டர் சார், ஆயாம்மா சொன்னாங்க. கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க.

— என்னத்தப் பாக்குறது? அழுகி நாறுது. ஏழாம் வகுப்புக்கு விதை முளைக்கிறதைக் காட்டுறேன்னீங்க. காட்டியாச்சு, பாடம் முடிஞ்சுது.

— மத்த முப்பது டம்ளர்ல ஜோரா முளைச்சிருக்கு சார். எல்லாம் ஒரே பாக்கெட் பயறு, ஒரே பஞ்சு, ஒரே ஜன்னல். தண்ணி மட்டும் அவங்கவங்க வீட்டுலேருந்து. முளைக்காத பன்னெண்டும் பின்தெருப் பிள்ளைங்களோடது.

— சோப்புக் கையோட தொட்டிருக்கும்ங்க. பாருங்க டீச்சர், சின்ன விஷயத்தைப் பெருசு பண்ணாதீங்க.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். நானே போய் ஒரு பாட்டில் புடிச்சாந்து வீட்டுல வச்சுப் பாத்தேன். ஒண்ணுகூட வாய் பிளக்கல. மூணு வாரமா அந்தத் தெருவுக்கு லாரித் தண்ணியாம்.

— எந்த லாரி?

— நீல லாரி. சாயப்பட்டறைய ஒட்டின கெணத்துல ரொப்புறாங்களாம். அந்தப் பன்னெண்டு பேர்ல அஞ்சு பேர் இன்னிக்கு வரல. வயித்து வலி, வாந்தி. முதல் பெஞ்சு வாயாடி இருக்காளே, அவ ஆஸ்பத்திரியில கெடக்குறா சார்.

— இதை வெளிய யார்கிட்டயாவது சொன்னீங்களா?

— சுகாதார ஆபீசுக்கு எழுதிக் குடுத்துட்டேன்.

— என்னை ஒரு வார்த்தை கேக்காமலா?

— கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டீங்க.

— சரி. எப்ப வர்றாங்களாம்?

— ரெண்டு நாளாகும்னாங்க. அதுவரைக்கும் கைய கட்டிட்டு நிக்க முடியுமா? நம்ம பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணியிலயும் ஒரு டம்ளர் வச்சிருந்தேன், ரெண்டே நாள்ல முளை விட்டுச்சு. அதான் பின்தெருப் பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன். வீட்டுத் தண்ணிய ஒரு சொட்டு வாயில வைக்காதீங்க, இங்க வயிறு முட்டக் குடிங்க, அம்மா அப்பாவுக்கும் பாட்டில்ல ரொப்பிட்டுப் போங்கன்னு.

— எப்ப சொன்னீங்க?

— காலையில, வரிசையில நிக்கும்போதே. அப்பத்திலேருந்து குழாய்கிட்டதான் நிக்குதுங்க. ஏன் சார், எந்திரிச்சிட்டீங்க?

— நீங்க அந்தப் பயறு வச்சது என்னிக்கு?

— போன திங்கக்கிழமை.

— வெள்ளிக்கிழமை நம்ம போர்வெல் மோட்டார் எரிஞ்சு போச்சு டீச்சர். அன்னியிலேருந்து அந்த நீல லாரிதான் நம்ம தொட்டியையும் ரொப்பிட்டுப் போகுது.