மேகம்னா மழைதான்

“மேகத்தைக் கண்ணால பார்த்தப்புறமும் ‘வில்’ போட்டா எவன் மார்க் போடுவான்?”

குன்னூரிலிருந்து ஊட்டி போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த மனைவியிடம் எரிந்து விழுந்தார். அந்த அம்மாவுக்குப் பத்து மணிக்கு ஓட்டல் வேலைக்கான ஆங்கிலத் தேர்வு. மடியில் இலக்கணப் புத்தகம் விரிந்து கிடந்தது.

“ரெண்டுமே ‘மழை வரும்’தானுங்க?”

“இல்ல! சும்மா தோணினதைச் சொன்னா ‘வில்’. கண்ணு முன்னால மேகம் நின்னா ‘கோயிங் டு’. மழை நிச்சயம்னு அர்த்தம். எத்தனை தடவை சொல்றது?”

“இதை எழுதினவரு நம்ம ஊருக்கு வந்ததே இல்லீங்க. இங்க மேகம் என்னைக்கு இல்லாம இருந்துச்சு? அடுப்படி வரைக்கும் வருது. அத்தனையும் மழையாவா பெய்யுது?”

“பரீட்சையில ஊட்டி மேகம், கோயமுத்தூர் மேகம்னெல்லாம் கிடையாது. மேகம்னா மழை. எழுது!”

அந்த அம்மா எழுதவில்லை. பேனாவை மூடினார்.

“ஏனுங்க, அவ்வளவு நிச்சயம்னா, காலைல அந்த மேகத்துக்கு அடியில பிள்ளைங்க யூனிஃபார்மை எதுக்குங்க காயப் போட்டீங்க?”

பேருந்து கேத்தியை எட்டியது. அங்கே ஜன்னல் கண்ணாடியில் தூறல் விழுந்தது. கணவர் அவசரமாகச் செல்போனை எடுத்தார்.

“அக்கா, கொடியில கெடக்கற துணியைக் கொஞ்சம் எடுத்து உள்ள போட்டுருங்க. மழை பிடிச்சிருச்சு.”

பக்கத்து வீட்டு அக்காவின் குரல் எனக்கே கேட்டது. “மழையா? இங்க சுள்ளுன்னு வெயில் அடிக்குது தம்பி.”

அவர் மனைவியின் மடியிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி மூடினார்.

“எதையாவது போட்டுத் தொலை!”