காற்று வாங்கப் போன அக்கா

மாலை ஆறே கால். கடைசி பஸ் திரும்பிப் போய்விட்டது. மேட்டுச் சாலை... இரண்டு பக்கமும் மரம். ஒரு நாய்கூட இல்லை.

இது எனக்கு நடந்ததில்லை, என் நண்பனின் பெரியப்பாவுக்கு. எனக்கு நடந்திருந்தால் நான் கதை சொல்ல மிஞ்சியிருக்க மாட்டேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்களுக்காக இல்லை, எனக்காக.

பெரியப்பாவை எல்லோரும் 'அகராதி' என்பார்கள். பாதி தொழிலால், பாதி குணத்தால். சொற்களின் மூலத்தைத் தேடுவதுதான் வேலை. உட்கார்ந்த இடத்திலேயே தேடியதில் அவருக்கே மூலம் வந்துவிட்டது. அந்த வாரம் மேசையில் இரண்டு சொற்கள். சானடோரியம், சானிடேரியம். இரண்டும் லத்தீன் வீட்டுப் பங்காளிகள். முன்னது 'குணப்படுத்து' என்ற வினையிலிருந்து வந்தது, நோயாளிகள் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ள. பின்னது 'ஆரோக்கியம்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து; நன்றாக இருப்பவர்கள் தெம்பு ஏற்றிக்கொள்ள. பிறகு ஜனங்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள்.

எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனார். கை வரவில்லை.

அவருடைய இருபத்திரண்டாவது வயதில் அக்காவுக்குக் காசநோய். இருமினால் முந்தானையில் ரத்தம். இந்த இரண்டு சொற்களும் அவருக்கு அப்போதே அத்துப்படி. சானடோரியத்துக்குக் கூட்டிப்போகும்போது, தெரிந்தே 'சானிடேரியம்' என்ற மற்ற சொல்லைச் சொன்னார். ஆஸ்பத்திரி இல்லக்கா, காத்து வாங்குற இடம், பதினஞ்சே நாள், ஞாயிறு தவறாம வந்துடுவேன் என்று. அக்கா இரண்டு புடவையோடு போனாள். இரண்டு வருஷம் இருந்தாள். இவர் ஒரு ஞாயிறுகூடப் போகவில்லை. தொற்றிக்கொள்ளுமோ என்று பயம். அவள் அங்கேயே போய்ச் சேர்ந்தாள்.

முப்பத்தெட்டு வருஷம் கழித்து, மன்னிப்பாவது கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் அந்த மேட்டுச் சாலையில் ஏறினார்.

மூடிப் பல காலமான கட்டிடம். கேட் ஒருக்களித்திருந்தது. நீள வராந்தா... வரிசையாக இரும்புக் கட்டில்கள், மெத்தை இல்லாமல். தரையில் ஒரு வெள்ளைக் கோடு. பார்க்க வருகிறவர்கள் அதற்கு இப்பால்தான் நிற்க வேண்டும், அந்தக் காலத்துச் சட்டம். பினாயில் நெடி. தரையில் ஈரம்... இப்போதுதான் துடைத்த மாதிரி.

கோட்டருகே நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கா... பொய் சொல்லித்தான் உன்னை இங்க விட்டேன்."

எதிர்க் கட்டிலில், எச்சில் துப்பும் குவளையின் தகர மூடி... டக்.

"தெரியும்டா. வாசல்ல இருந்த போர்டை நானும்தானே படிச்சேன்." அக்காவின் குரல், வயதே ஏறாமல். "கோட்டைத் தாண்டாதே. ஒட்டிக்கும்."

மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அத்தோடு கிளம்பியிருக்கலாம்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு டக். எங்க வீட்லேர்ந்து யாராச்சும் வந்திருக்காங்களா என்று ஓர் ஆண்குரல், ரொம்ப மரியாதையாக. அதற்கடுத்த கட்டிலில் ஒரு டக். அதற்கடுத்து... வராந்தாவின் கடைசிவரை அதே கேள்வி.

இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. உங்களுக்கு எழுந்திருக்குமா? எனக்கு நிச்சயம் எழுந்திருக்காது.

"எல்லாரும் வெளியில நிக்கிறாங்க," என்றார்.

கட்டில்கள் மொத்தமும் ஒரே சமயத்தில் கிரீச்சிட்டன. ஈரத் தரையில் வெறுங்கால்கள்... சளக்... சளக்...

"மறுபடியுமாடா?" என்றாள் அக்கா.

ஓடினார். யாரும் துரத்தவில்லை. கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு, சாலைக்கு வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். ஆளே இல்லை. துருப்பிடித்த கம்பிகளில் மட்டும் மூச்சுப் பட்ட ஈரம்... வரிசையாக, ஆள் உயரத்தில்.

சில இடங்களில் அதற்கும் கீழே. குழந்தை உயரத்தில்.