கிளச் இல்லாத கியர்பொக்ஸ்

யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கு வாகனப் பற்றறி வரத் தடை இருந்த காலம்; மண்ணெண்ணெய்க்கு மட்டும் அட்டையும் வரிசையும் முறைப்படி இருந்தன. திருநெல்வேலிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் எனக்கு முன் நின்ற லொறிக்காரருக்கு இடது கால் இல்லை. பக்கத்தில் நின்ற மெக்கானிக்கிடம் சொன்னார்:

"கிளச் இல்லாத கியர்பொக்ஸ் ஒண்டு பூட்டித் தா தம்பி. என்ரை லொறியை நானே ஓட்டவேணும்."

"ஓட்டோமற்றிக்கோ? வட்டுக்கோட்டையிலை ஒண்டு கிடக்கு அண்ணை. ஆனால் அதைப் பூட்டினால் லொறியைத் தள்ளி ஸ்ராட் பண்ணேலாது. பற்றறிக்கு எங்கை போவியள்?"

"அப்ப, இப்ப இருக்கிற பழைய கியர்பொக்ஸோடையே ஓடினால்?"

"அதெண்டால் தள்ளலாம். கிளச் மிதிக்கத்தான் ஆள் வேணும். மனுசியைப் பக்கத்திலை இருத்துங்கோவன்."

"லொறியை வில்லுங்கோ எண்டு நிக்கிறவள். அவள் பிரேக்கைத்தான் மிதிப்பாள்."

இருவரும் சிரித்தார்கள். வரிசை நகர்ந்தது, லொறிக்காரர் நகரவில்லை.

"சரி, விப்பம். வாங்கிறவனுக்குச் சொல்லு, இரண்டாம் கியர் கொஞ்சம் இறுக்கம். அடிச்சுப் போடக்கூடாது."