பன்னிரண்டாவது முடிச்சு

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. தண்ணீர்மேல் குற்றமில்லை.

நமுனுகுலப் பக்கம் எங்கள் தோட்டத்தில், நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குக் கீழே, தேயிலை செத்துப்போன சரிவு ஒன்று இருந்தது. அதை ஒன்பது வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். போஞ்சி, கோவா, லீக்ஸ் என்று காய்கறி போடுகிறோம். ஒன்பது வீட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே பெற்றோல் பம்பு. கிணற்றைத் திறந்து வைத்தவரின் பெயர் பதித்த கல் அதைவிட உறுதியாக நிற்கிறது.

என் பெயர் வீரசிங்கம். தண்ணீர்ச் சங்கத்தின் செயலாளர். அந்தப் பதவி எனக்கு வந்ததற்குக் காரணம், பண்டாரவளையில் நடந்த ஒருநாள் வகுப்புக்குப் போக வேறு யாருக்கும் விருப்பம் இருக்கவில்லை. சான்றிதழும் சாப்பாட்டுப் பார்சலும் கொடுத்தார்கள். கோழி இருந்தது. மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் எல்லோருக்கும் பொது, ஊறுகிற அளவுக்குத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள். நான் அதை நம்பினேன்.

திரும்பி வந்து தடிப்பான கயிறு ஒன்று வாங்கினேன். நுனியில் கல். கல்லிலிருந்து முழத்துக்கு ஒரு முடிச்சு. பன்னிரண்டாவது முடிச்சில் சிவப்புத் துணி. தினமும் காலையில் கயிற்றைக் கிணற்றில் விடுவேன். துணி விளிம்புக்கு வந்தும் கல் தண்ணீரைத் தொடவில்லை என்றால் பம்பு நிற்க வேண்டும். மழை வரும்வரை வீட்டுக்கு ஆறு வாளி. எனக்கும் ஆறுதான். முதல் வருடம் என் போஞ்சிதான் முதலில் காய்ந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதெல்லாம் என்னை வீரசிங்கண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள்.

தம்பையாவுக்குக் கடைசிப் பாத்தி. நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் அதைவிட அதிகம் உழைக்கும். நான் கயிற்றோடு வருவதைப் பார்த்ததும், "கயித்துக் கங்காணி பெரட்டு எடுக்க வந்துட்டாரு, எல்லாரும் வரிசையா நில்லுங்க" என்பார். வாளிகளைப் பார்த்துச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எங்கள் பாட்டன்மாரைக் காலைப் பெரட்டில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, அடித்து வேலை வாங்கியவனுக்கு இருந்த பெயர் அது. ஆறு மாதத்தில் தோட்டம் முழுக்க எனக்கு அந்தப் பெயர்தான். ஒருநாள் என் மனைவியே, "கங்காணி, சோறு ஆறுது" என்றாள்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் ஆவணி வந்தும் மழை இல்லை. அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். அம்மன் வாங்கிக்கொண்டாள், பதில் அனுப்பவில்லை. தண்ணீர் துணிக்குக் கீழே போனது. நான் பம்பை நிறுத்தச் சொன்னேன்.

தம்பையா இந்த வருடம்தான் தோட்டத்து வேலை வேண்டாம் என்று பேர் வெட்டிக்கொண்டு வந்து, பாத்தி முழுக்க லீக்ஸ் போட்டிருந்தார். பிடுங்க இன்னும் எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளைக்கும் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் திரும்பப் போய் வேலை கேட்டு நிற்க வேண்டும். சங்கத்தைக் கூட்டினார். என் கையிலிருந்த கயிற்றை வாங்கி, துணியை அவிழ்த்து, இருபதாவது முடிச்சில் கட்டினார்.

"துணிய மாத்தியாச்சு. இப்ப தண்ணி மேல இருக்கு. கங்காணிக்கும் சந்தோஷம், லீக்ஸுக்கும் சந்தோஷம்."

கூட்டம் சிரித்துச் சிரித்துக் கை தூக்கியது. எட்டுக் கை. ஒன்பதாவது என்னுடையது. ஏகமனதான தீர்மானம் என்று நான்தான் எழுதினேன்.

மூன்று நாள் இறைத்தார்கள். தண்ணீர் பதினெட்டாவது முடிச்சுக்குப் போனது. மேலே வைத்த பம்பு காற்றைத்தான் இழுத்தது. மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். தம்பையா என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"கங்காணி, ஒங்க வகுப்புல இதுக்கு ஒண்ணும் சொல்லித் தரலயா? கோழி மட்டுந்தான் குடுத்தாங்களா?"

"சொன்னாங்க. மெசின் தண்ணிக்குக் கிட்ட இருக்கணும். உள்ள பாறைத் திட்டு இருக்குல்ல, அதுல வச்சா இழுக்கும்."

அதில் பொய் இல்லை. வகுப்பில் அடுத்த வரியும் இருந்தது. கிணற்றுக்குள் பெற்றோல் மெசினை ஓட்டினால் புகை மேலே வராது, பக்கத்தில் நிற்கிறவன் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடுவான். கிணற்றடியில் ஒட்டச் சொல்லிப் படம் போட்ட தாளும் கொடுத்திருந்தார்கள். சான்றிதழோடு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஒட்டப் பசை கிடைக்கவில்லை. அவர் கேட்டது மெசின் இழுக்குமா என்று. அதற்குப் பதில் சொன்னேன்.

மறுநாள் காலை மெசினை இறக்கக் கயிறு கேட்டார். என் கயிற்றைக் கொடுத்தேன். அவர் கம்பிப் படியில் இறங்கித் திட்டில் நின்றார். நான் மேலிருந்து மெசினை முடிச்சு முடிச்சாக விட்டேன்.

"மெதுவா விடுங்க கங்காணி. ஒரு முடிச்சு கூடிப்போனா எனக்கு ஆறு வாளி கொறைச்சிருவீங்க."

மெசினைத் திட்டில் வைத்து அவிழ்த்துவிட்டார். நான் கயிற்றை இழுத்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டேன். மெசின் ஓடியது. குழாயில் தண்ணீர் வந்தது. லீக்ஸ் நன்றாக நனைந்தது.

அவருடைய மைத்துனன் ஜெயரூபன் வந்து மூன்று முறை கூப்பிட்டான். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். படியில் கால் வைத்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"எறங்காத. உள்ள பொகை. நீயும் செத்துருவ."

ஆட்கள் வரும்வரை அவனை விடவில்லை. இறங்குகிற இரண்டாவது ஆளும் சாவான் என்று அதே தாளில் இருக்கிறது. ஆகவே ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். உங்கள் பொலிஸ் படிவத்தில் அதற்கு இடம் இல்லை போலிருக்கிறது. "நீயும்" என்று சொன்னதை மட்டும் ஜெயரூபன் உங்களிடம் சொல்லியிருக்கிறான்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். தண்ணீருக்காக. அதன் பிறகு யாரும் அந்தக் கிணற்றில் வாளி விடவில்லை. என் கயிற்றை நீங்கள் எடுத்துக்கொண்டு போனதால், பதினோராம் நாள் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து முழம் போட்டு விட்டுப் பார்த்தேன். தண்ணீர் பன்னிரண்டுக்கு வந்திருந்தது. ஒன்பது வீட்டுக்கும் பொதுவாக ஒருவன் யோசிக்கத்தான் வேண்டும். தம்பையாமேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது.

கீழேயிருந்து சத்தம் ஏதாவது வந்ததா என்றும் கேட்டீர்கள். வந்தது. "கங்காணி, தல சுத்துது, கயித்தப் போடுங்க" என்றார். கயிறு மடியில்தான் இருந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டார். அப்போதும் கங்காணி என்றுதான். வீரசிங்கண்ணே என்று ஒரு தடவை கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்.