சந்தனம் வைத்த புத்தகம்

என் மகளுக்கு இப்போது பதினைந்து வயது. அதனாலோ என்னவோ, எழுபதுகளின் தொடக்கத்தில் கிடர்பூர் டிராமில் கேட்ட பேச்சு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கல்கத்தாவில் படிக்கிற பிள்ளைகள் பலர் புரட்சிக் கூட்டங்களில் சேர, சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்தது. முன் இருக்கையில் ஒரு தமிழ்த் தாயும் சீருடையில் மகளும்.

"சரஸ்வதி பூஜைக்கு அடுக்கின புஸ்தகத்துல அந்தக் கதைப் புஸ்தகத்தை ஏண்டி சொருகினே?"

"ஸ்கூல்ல அதைத் தடை பண்ணிட்டா. நீயும் பழைய பேப்பர்காரனுக்குப் போடறேன்னே. சந்தனம் குங்குமம் வெச்சா போடமாட்டியே!"

"சாமர்த்தியம்தான். பெத்தவாளைக் காட்டிக்குடுக்கணும்னு குழந்தைகளுக்குச் சட்டம் போட்ட ஊராம். இதெல்லாம் ஒரு கதையா?"

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மறுநாள் எதையாவது எடுத்து நாலு வரி படிக்கணுமே. கைக்கு அதுதான் வந்தது."

"நாலு வரிதானா?"

"முழுக்கப் படிச்சேன், போ. காட்டிக்குடுக்க மாட்டேன்னு அந்தப் பொண்ணு ஊரை விட்டே போயிடறா. திரும்பி வந்தாளான்னு எழுதவே இல்லையேடி?"

"வரலேன்னும் எழுதலையேம்மா."

"நீ அப்படிப் போகமாட்டியே?"

"எங்கே போறது? இருட்டினா பால்கனிக்கே விடமாட்டே!"

மகள் சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை. மகளின் பள்ளிப் பையைத் தன் மடிக்கு மாற்றி, இறங்கும்வரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.